கடோத்கஜனைக் கிடங்கில் பூட்டிய ஆலய நிர்வாகத்துக்கு

ஆலயத் தலைவர் ஐயாவுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும்,

நவராத்திரிக்காக நம் ஆலய மண்டபத்தின் பக்கச் சுவரில் சமய வகுப்புப் பிள்ளைகள் ஒட்டியிருந்த மணிலா அட்டைகளை மூன்றாம் நாள் இரவு, பூசை முடிந்த கையோடு கழற்றச் சொல்லிவிட்டீர்கள். அவை இப்போது பந்தல் கால்களுக்கும் அன்னதான அண்டாக்களுக்கும் நடுவே கிடங்கில் சுருட்டிக் கிடக்கின்றன. சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் மாலை பிள்ளைகள் பேசுவதற்கென்று ஒதுக்கியிருந்த அரை மணி நேரத்தையும் ரத்து செய்துவிட்டீர்கள். எனக்கு வந்ததெல்லாம் ஒரு வாட்ஸ்ஆப் குரல் பதிவு: "டீச்சர், கேம் படமெல்லாம் கோயில்ல வேணாம். அதுவும் ராட்சசன் படம். வெளிநாட்டுக்காரன் நம்ம பாரதத்த கெடுத்து வச்சிருக்கான். நீங்க தேவாரம் மட்டும் சொல்லிக் கொடுங்க, போதும்."

செயலவைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச அனுமதி கேட்டேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த மாதம் நவராத்திரி முடிந்திருக்கும். ஆகவேதான் ஊரார் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த அட்டைகளில் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கழற்றியவர்களில் யாரும் அதைப் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மகாபாரத மாந்தரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். கர்ணன் வந்தான், பாஞ்சாலி வந்தாள், எதிர்பார்த்தபடியே அபிமன்யுவும் வந்தான். இடைநிலைப்பள்ளிப் படிவம் 2 பையன்கள் இருந்த குழு மட்டும் ஒரே குரலில் "காத்தோட்!" என்றது. காத்தோட் என்று அவர்கள் செல்லமாகக் கூப்பிடுவது காத்தோட்காச்சாவை. நமக்குத் தெரிந்த கடோத்கஜன்தான். பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்தவன். மோபைல் லெஜண்ட்ஸ் என்ற கைப்பேசி விளையாட்டில் அவன் ஒரு வீரன்.

விளையாட்டைப் பற்றித் தெரியாத பெரியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிள்ளைகள் இதை எம்.எல். என்பார்கள். ஷங்காயைச் சேர்ந்த மூன்டன் நிறுவனம் 2016இல் வெளியிட்டது. இந்தப் பக்கம் ஐவர், அந்தப் பக்கம் ஐவர். எதிரணியின் கோட்டையை யார் முதலில் இடிக்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். 2019இல் பிலிப்பீன்சில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் இதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். அதே ஆண்டு இதன் முதல் உலகக் கிண்ணம் கோலாலம்பூரில் நடந்தது. ஆக, நம் சுங்கை சிப்புட் பிள்ளைகள் மட்டும் எங்கோ ஒளிந்து ஆடும் கெட்ட ஆட்டம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

இந்த வட்டாரத்துக் கதைகளிலிருந்து பல வீரர்களை அதில் சேர்த்திருக்கிறார்கள். செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூலில் வரும் பலசாலி பாடாங் இருக்கிறான். (பாடாங்கோடு பலப்பரீட்சை பார்க்கக் கலிங்க நாட்டிலிருந்து ஒரு மல்லன் கப்பலேறி வருவதும், பாறையைத் தூக்குவதில் அவன் தோற்பதும் அந்தக் கதையில் உண்டு. அதைக் கேட்டதும் வகுப்பில் ஒரே வருத்தம்.) காத்தோட்காச்சாவை ஜாவாவின் வாயாங் என்ற பொம்மலாட்ட மரபிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அணியில் அவன் வேலை டாங்க். அதாவது முன்னால் நின்று அடி வாங்குவது. பின்னால் இருப்பவர்கள் அடிக்க, இவன் தாங்க வேண்டும்.

இனி அட்டைக்கு வருகிறேன். நீல மேஜிக் பேனாவில் ஓர் உருவம், தலைகீழாக வானத்திலிருந்து விழுகிறது. பையன் முதலில் சின்னதாக வரைந்து, போதாதென்று மேலேயே பெரிதாக வரைந்திருக்கிறான். பழைய கோடு உள்ளே தெரிகிறது. விழுகிறவனின் கால் அட்டையைத் தாண்டிப் போய்விட்டதால் இன்னொரு துண்டு காகிதத்தை ஒட்டிக் காலை முடித்திருக்கிறான். கீழே தேர், யானை, குதிரை என்று குட்டிக் குட்டியாய்க் கிறுக்கல். மூலையில் ஒரு கூட்டல் கணக்கு: தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 109,350. ஓர் அக்குரோணிப் படையின் கணக்கு அது. பதினான்காம் நாள் இரவுப் போரில் கர்ணனின் சக்தி ஆயுதம் பாய்ந்து உயிர் போகிற நேரத்திலும் கடோத்கஜன் தன் உடலை மலைபோல் பெருக்கிக்கொண்டு கௌரவர் படை மேல் விழுந்து ஓர் அக்குரோணியை நசுக்கினான் என்கிறது துரோண பருவம். "மொத்தம் 218,700" என்று கூட்டிப் போட்டு, பக்கத்தில் "செத்த பிறகும்!" என்று எழுதியிருக்கிறான். சமய வகுப்பில் பல வருடமாகப் பாடம் எடுக்கிறேன். அக்குரோணி என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்காமலே ஒரு பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

அதற்குக் கீழேதான் அந்தக் குழுவின் விளக்கம். விளையாட்டில் காத்தோட்டுக்கு உள்ள ஆற்றல்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது ஏன் அவனுக்குக் கொடுக்கப்பட்டது என்று பாரதத்தில் தேடியிருக்கிறார்கள்.

அடி வாங்க வாங்க அவனுக்குள் சினம் சேரும். சேர்ந்த சினம் பிறகு அவன் கொடுக்கும் அடியில் இறங்கும். இதற்கு விளையாட்டில் இரும்பு எலும்பு என்று பெயர். ஜாவாக்காரர்கள் கடோத்கஜனைப் புகழும்போது கம்பித் தசை, இரும்பு எலும்பு கொண்டவன் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் கதையில் தேவர்கள் அவனைக் குழந்தையாகவே சந்திரதிமுகா என்ற கொதிக்கும் எரிமலை வாய்க்குள் போட்டு, தங்கள் ஆயுதங்களையும் கூடவே எறிகிறார்கள். அவன் எல்லாவற்றையும் உடம்பில் வாங்கிக்கொண்டு வளர்ந்த ஆளாக எழுந்து வருகிறான். விளையாட்டில் வெறும் ஓர் ஆற்றலாகத் தெரிவதற்குப் பின்னால் இப்படி ஒரு பிறப்பு இருக்கிறது என்று பிள்ளைகள் தாங்களாகத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

அடுத்த ஆற்றல்தான் என்னை அசர வைத்தது. காத்தோட் கையை ஓங்கி நின்றால் எதிரே உள்ளவர்கள் வேறு யாரையும் தாக்க முடியாமல் அவனையே தாக்க வேண்டியதாகிவிடும். அவர்கள் விருப்பம் அங்கே செல்லாது. இதற்கு அந்தப் பையன் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "கர்ணன் சக்தி ஆயுதத்தை அர்ஜுனனுக்காகப் பத்திரமாக வைத்திருந்தான். அதை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும். கிருஷ்ணர் காத்தோட்டை அனுப்பினார். கர்ணன் வேறு வழி இல்லாமல் காத்தோட் மேல் எறிந்துவிட்டான். இதுதான் ஸ்கில் 2."

ஐயா, பாரதச் சொற்பொழிவுகள் நிறையக் கேட்டவர் நீங்கள். கவச குண்டலத்தைக் கொடுத்து இந்திரனிடம் வாங்கிய ஆயுதம் அது. இரவில் அரக்கர் மாயை பலம் பெற்று, கௌரவர் படை சிதறி, எல்லாரும் கர்ணனைப் பார்த்துக் கதற, அவன் கை மீறி அந்த ஆயுதத்தைச் செலவழிக்கிறான். அந்த இடத்தை இவ்வளவு சுருக்கமாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

கடைசி ஆற்றல், மேலே எழும்பி வானில் மறைந்து எதிரிகள் நடுவே வந்து விழுவது. பிள்ளைகள் இதை அல்டி என்பார்கள். படத்தில் இருப்பது அதுதான். ஆனால் இங்கே அவர்கள் விளையாட்டைக் குறை சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டில் காத்தோட் விழுந்ததும் எழுந்து நின்று சண்டையைத் தொடர்கிறான். செத்தாலும் சில நொடிகளில் திரும்ப வந்துவிடுவான். "பாரதத்தில் ஒரு தடவைதான் விழுந்தான். அதனால்தான் அது பெரிசு. கேமில் இது தப்பு" என்று சிவப்புப் பேனாவில் அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். அவன் தாய் இடும்பியைப் பற்றி விளையாட்டில் யாருக்கும் அக்கறை இல்லை என்பதையும் ஒரு மாணவி தனி அட்டையில் எழுதியிருந்தாள். வெளிநாட்டுக்காரன் சொன்னதைப் பிள்ளைகள் அப்படியே விழுங்குகிறார்கள் என்று நீங்கள் பயந்தீர்கள். அட்டையைச் சுருட்டுவதற்கு முன் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்திருந்தால் அந்தப் பயம் போயிருக்கும்.

சரி, நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

பாரதத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்பது ஒன்று. விளையாட்டில் இருப்பது ஜாவாவின் கடோத்கஜன். அந்தக் கதை நம் கதையிலிருந்து மாறுவது உண்மைதான். எங்கே மாறுகிறது என்பதைத்தான் இன்னோர் அட்டையில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். ஜாவாக் கதையில் குழந்தை பிறந்ததும் தொப்புள் கொடியை எந்த ஆயுதத்தாலும் அறுக்க முடியவில்லை. அதற்காகத் தேவர்கள் கொடுக்க இருந்த கொந்தா என்ற ஆயுதம் ஆள் மாறிக் கர்ணன் கைக்குப் போய்விடுகிறது. அர்ஜுனன் போராடியும் அவனுக்குக் கிடைப்பது அதன் உறை மட்டுமே. அந்த உறையால் கொடியை அறுக்கிறார்கள். அறுத்த உறை குழந்தையின் வயிற்றுக்குள் புகுந்து ஒன்றிவிடுகிறது. பிற்காலத்தில் போர்க்களத்தில் கர்ணன் கொந்தாவை எறியும்போது கடோத்கஜன் மேகத்துக்கு மேலே எட்டாத உயரத்தில் இருக்கிறான். ஆயுதத்தை அவ்வளவு உயரம் கொண்டுபோய்ச் சேர்ப்பது காலபெந்தானாவின் ஆவி. அவன் கடோத்கஜனின் தாய்மாமன், ஒரு நாள் உண்மையைச் சொன்னதற்காக மருமகன் கையாலேயே அறை வாங்கித் தவறுதலாகச் செத்தவன். ஆயுதம் தன் உறையைத் தேடிக்கொண்டு வயிற்றுக்குள் போய்ச் சேர்கிறது.

வகுப்பில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன், "அப்போ அவன் பொறந்தப்பவே வயித்துக்குள்ள அதுக்கு வீடு கட்டி வச்சிட்டாங்க டீச்சர்" என்றான். இன்னொருத்தி, "நம்ம கதையில கிருஷ்ணரோட திட்டம். அவங்க கதையில விதி. கோபப்பட ஆளே இல்ல" என்றாள். எது சரி, எது தப்பு என்ற சண்டை வரவேயில்லை. ஒரே மனிதன் இரண்டு ஊரில் இரண்டு விதமாகச் சாகிறான், ஏன் என்று பதின்மூன்று பதினான்கு வயதில் யோசிக்கிறார்கள். இதற்குத்தானே ஐயா சமய வகுப்பு வைத்தோம்?

ஜாவாக் கதை நேற்று எவனோ கணினி முன் உட்கார்ந்து திரித்ததும் இல்லை. பாரதப் போரை எம்பு செடா, எம்பு பானுலு என்ற இரண்டு புலவர்கள் பழைய ஜாவா மொழியில் காவியமாக்கியது 1157இல். அதே பானுலு கடோத்கஜனை மையமாக வைத்துத் தனியாகவே கடோத்கசாஸ்ரயா என்றொரு காவியம் எழுதினார். ஜாவாவின் டியெங் பீடபூமியில் அர்ஜுனன், பீமன் பெயர் சொல்லும் பழங்கோயில்களோடு கடோத்கஜன் பெயரிலும் ஒரு கோயில் நிற்கிறது. 1995 ஆகஸ்டில் இந்தோனேசியா தானே உருவாக்கிய என்-250 விமானம் முதன்முதலாகப் பறந்தபோது அதற்கு வைத்த பெயர் காத்தோட்காச்சா. வானில் பறக்கும் வீரனுக்குப் பொருத்தமான மரியாதை. இன்றைக்கும் அங்கே தாலாங்குகள் எனப்படும் முஸ்லிம் பொம்மலாட்டக்காரர்கள் விடிய விடிய வாயாங்கில் அவனை ஆட்டுகிறார்கள். அவர்கள் அவனை இத்தனை நூற்றாண்டு காப்பாற்றி வைத்ததால்தான் அவன் ஒரு சீன நிறுவனத்தின் கண்ணில் பட்டு, சுற்றி வளைத்து, சுங்கை சிப்புட் தமிழ்ப் பிள்ளையின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தான். வந்தவனைத்தான் நாம் கிடங்கில் போட்டிருக்கிறோம்.

கெடுத்துவிட்டார்கள் என்று சொல்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கடோத்கஜன் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது என்ன? 1957இல் வந்த மாயா பஜார். எஸ்.வி. ரங்காராவ் லட்டுகளைக் காற்றில் பறக்கவிட்டு விழுங்குவது. தோட்டத்தில் வெள்ளைத் துணி கட்டி அந்தப் படம் போட்டபோது லயத்து வீடுகளெல்லாம் காலி என்று எங்கள் பாட்டி சொல்வார். அந்தப் படத்தின் கதை, அபிமன்யுவின் காதலியைத் துரியோதனன் மகனுக்குக் கட்டி வைக்கப் பார்க்க, கடோத்கஜன் புகுந்து காரியத்தைக் கெடுத்துக் காதலர்களைச் சேர்த்து வைப்பது. வியாச பாரதத்தில் அந்தக் கதை கிடையாது. அது மக்கள் வாயில் பிறந்த கதை. அதை நாம் யாரும் பாரதத்தைக் கெடுத்ததாகச் சொல்லவில்லை. இன்றும் கல்யாண வீட்டில் அந்தப் படத்தின் 'கல்யாண சமையல் சாதம்' பாட்டைப் போடுகிறோம். இதில் வேடிக்கை என்னவென்றால், பானுலு எழுதிய காவியத்தின் கதையும் அதுவேதான். அங்கே பெண் கண்ணனின் மகள், இங்கே பலராமனின் மகள். மற்றபடி மணமகன் போட்டியும் துரியோதனன் மகனும் கடோத்கஜனின் உதவியும் அச்சு அசல். எண்ணூறு வருடத்துக்கு முன் ஜாவா அரண்மனையில் பாடியதைத்தான் நம் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்துத் திரையில் பார்த்துச் சிரித்தார்கள். இதை எழுதிய அட்டையும் அந்தச் சுருளுக்குள் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள்.

ராட்சசன் படம் கோயிலில் கூடாது என்பது அடுத்தது. இதை நம் கோயிலில் சொல்லலாமா ஐயா? வாசலில் முனீஸ்வரர், அரிவாளும் முறுக்கு மீசையுமாக உட்கார்ந்திருக்கிறார். தைப்பூசம் முடிந்ததும் தவறாமல் இடும்பன் பூசை போடுகிறோம். காவடியை முதலில் தூக்கியவன் அந்த அசுரன்தான் என்பதால் காவடி எடுப்பவர்கள் அவனைத்தான் முதலில் கும்பிடுகிறார்கள். இமயமலை அடிவாரத்தில் மணாலியில் கடோத்கஜனின் தாய் இடும்பிக்கு 1553இல் கட்டிய கோயில் இருக்கிறது. மகனுக்கும் பக்கத்தில் ஒரு மரத்தடியில் வழிபாடு நடக்கிறது. அரக்கி பெற்ற அரக்கனுக்கு அங்கே பூப் போடுகிறார்கள், இங்கே பக்கச் சுவரில் ஒட்டக்கூட இடம் இல்லை என்கிறீர்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு நம் கொலுப்படியைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கீழ்ப்படியில் தசாவதாரத்துக்குப் பக்கத்தில் ஒரு இரட்டைக் கோபுரப் பொம்மையும் பச்சை நிற டைனோசரும் வருடா வருடம் நிற்கின்றன. அவற்றை யாரும் கழற்றச் சொன்னதில்லை.

கடோத்கஜன் பாண்டவர்களுக்குச் செய்ததைப் பாருங்கள். வனவாசத்தில் நடக்க முடியாமல் பாஞ்சாலி சோர்ந்து விழுந்தபோது நினைத்த மாத்திரத்தில் வந்து தோளில் தூக்கிச் சுமந்தவன். அரண்மனை, பட்டம் எதுவும் கேட்காதவன். அவன் விழுந்தபோது பாண்டவர் அழுதார்கள், கண்ணன் மட்டும் மகிழ்ச்சியில் ஆர்ப்பரித்து அர்ஜுனனைக் கட்டிக்கொண்டான். கர்ணன் கொல்லாவிட்டால் பின்னொரு நாள் நானே கொன்றிருப்பேன் என்றும் சொல்கிறான். வகுப்பில் மிகவும் சூடான பேச்சு இதைப் பற்றித்தான். கண்ணனை விட்டுக்கொடுக்காமல் ஒரு பாதி, "யூஸ் பண்ணிட்டு தூக்கிப் போட்டுட்டார்" என்று இன்னொரு பாதி. ஒரு மாணவி சொன்னது இது: "டாங்க் செத்தா டீம் அழாது டீச்சர். ஜெயிச்சா போதும்." அவள் அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் விளையாட்டை ஆடுகிற பிள்ளைக்குத்தான் அந்த வாக்கியம் வரும். அர்ஜுனன் பக்கமிருந்தே பாரதத்தைச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, முன்னால் நிற்பவன் பக்கமிருந்து அது எப்படித் தெரியும் என்று காட்டியவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

விளையாட்டில் அந்த விழும் ஆற்றலுக்கு வைத்த பெயர் காவலனின் அவதாரம். அவர்கள் அதற்குப் பக்கத்தில் நம் முனீஸ்வரர் சாமியின் படத்தைச் சின்னதாக வரைந்து ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். எல்லையில் நிற்கிறவன், ஊருக்காக அடி வாங்குகிறவன், பார்க்கப் பயமாக இருக்கிறவன், உள்ளே சந்நிதிக்குள் இடம் இல்லாதவன். சின்ன வயதில் யாரும் சொல்லிக் கொடுக்காமல் அதைக் கண்டுகொண்டார்கள். அந்தக் கேள்விக்குறிக்குப் பெரியவர்கள் யாராவது மண்டபத்தில் நின்று பதில் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இனி, குரல் பதிவில் சொல்லாத காரணம். பிள்ளைகள் எந்நேரமும் கைப்பேசியும் கையுமாகத் திரிகிறார்கள், கோயிலும் அதற்குத் துணை போகிறதா என்ற கவலை. இந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணி வரை ஆடிவிட்டுப் பள்ளியில் தூங்கும் பிள்ளைகளை எனக்கும் தெரியும். அம்மாவின் கணக்கிலிருந்து எடுத்து டைமண்ட் என்ற விளையாட்டுக் காசு வாங்கி வீரனுக்குப் புதுச் சட்டை மாட்டியவனும் இதே வகுப்பில் இருக்கிறான். அதைப் பற்றிப் பெற்றோரிடம் பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன். ஆனால் கண்காட்சியில் ஒரு கைப்பேசிகூட இல்லை. காகிதம், பேனா, நூலகத்திலிருந்து எடுத்த பாரதப் புத்தகம், அவ்வளவுதான். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்த வேளையில் பார்த்து நாம் தடை போட்டிருக்கிறோம். பையன்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? "டீச்சர், பேசாம கேமே ஆடியிருக்கலாம்." கழற்றிய மறுநாள் அந்தப் பையன் சொன்னது.

நம் கோயில் தோட்டத்திலிருந்து வந்த கோயில். தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, சனம் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடியேறியபோது சாமியையும் கையோடு கொண்டு வந்தோம். தோட்டத்தில் இருந்த காலத்தில் திருவிழாவுக்குப் பாரதக் கூத்து நடந்ததாக நம்மூர்ப் பெரியவர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போது அரிதாரம் பூசி வேடம் கட்டிய பெரியவர் ஒருவர் இன்னும் நம்மிடையே இருக்கிறார், உங்களுக்கும் அவரைத் தெரியும். அட்டைகளை ஒட்டிய அன்று சாயங்காலம் அவர் வந்து, விழுகிற படத்தின் முன்னால் நின்று, "அரக்கன் வேசக்காரன் விழும்போது மெதுவா விழக் கூடாதுடா, பந்தலே அதிரணும்" என்று பையனுக்குக் கை காலை ஆட்டிக் காட்டினார். பையன் அவரிடம் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. கூத்து நின்றுபோய் எத்தனையோ வருடம் ஆன பிறகு அதைப் பற்றிக் கேட்க ஓர் இளசு வந்திருக்கிறது. அந்தப் பேச்சையும் சேர்த்துத்தான் சுருட்டி வைத்திருக்கிறீர்கள்.

தேவாரத்தை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். வகுப்பு இன்னும் திருமுறையோடுதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு உள்ள நேரத்தைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

செயலவையிடம் நான் கேட்பது இவை.

கிடங்கில் இருக்கும் அட்டைகளைக் கிழியாமல் எடுத்து, சரஸ்வதி பூசைக்கு முன்பே பிள்ளைகளிடம் கொடுங்கள். சந்நிதிக்கு அருகில் வேண்டாமென்றால் ஒத்துக்கொள்கிறேன். மண்டபத்தின் பின்சுவரோ அன்னதானக் கூடமோ போதும். விஜயதசமி வரை அங்கே இருக்கட்டும். ஈரத்தில் கெட்டுப் போன அட்டை இருந்தால் பிள்ளைகள் திரும்ப வரைவதற்குக் காகிதச் செலவை ஆலயம் ஏற்க வேண்டும்.

ரத்து செய்த அரை மணி நேரத்தைத் திரும்பக் கொடுங்கள். அதே மாலை முடியாதென்றால் விஜயதசமி அன்று ஏடு தொடங்கும் நிகழ்ச்சிக்குப் பிறகு கொடுங்கள். கூத்தாடிய பெரியவரையும் மேடைக்கு அழைத்துப் பேச வையுங்கள். அவரை அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது.

அட்டைகளைக் கழற்றச் சொன்னவர் யாராக இருந்தாலும், ஒருமுறை வகுப்புக்கு வந்து பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் பதில் சொல்ல விரும்பினால் உட்கார்ந்து கேட்க வேண்டும். குரல் பதிவு எனக்கு வந்தது, அவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆலயத்தில் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்ற விதி இருந்தால் அதை எழுத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் சமய வகுப்புக்கு ஒரு பிரதிநிதியையும் பெற்றோரில் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு அதை எழுதுங்கள். இனிமேல் பிள்ளைகள் செய்த எதையும் அகற்றுவதற்கு முன் பொறுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள்.

சரஸ்வதி பூசைக்கு முன்னதாக உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சமய வகுப்புப் பொறுப்பாசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்